ரீடிங்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
புளியந்தோப்பில் எண்ணூறு வாசலில்
"ஈபி" என்று கத்துகிறவள் நான்.
மாடிப்படிக்கு அடியில், செருப்புக் குவியலுக்கு மேல்
ஒட்டடை விலக்கி, டார்ச் அடித்து
எண்ணைப் பார்த்து அட்டையில் எழுதுவேன்.
கூடிப்போனால் என்னைத்தான் திட்டுவார்கள்,
நானே ராத்திரி வந்து ஏசி போட்டுத் தூங்கிய மாதிரி.

இந்த முறை என்னைப் பார்த்து எழுதினார்கள்.

ஈயக் குடுவைக்குள் மாத்திரை.
"கையால தொடாதீங்க மேடம்,
அப்படியே வாயில கவுத்துக்குங்க"
என்று சொல்லிவிட்டு
விக்னராஜ் கதவு வரை பின்னால் போனான்.
தொடக் கூடாததை
விழுங்கச் சொல்றியே தம்பி என்றேன்.
அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

மூன்று நாள் அந்த அறையில்.
வாசலில் நின்று கருவியை நீட்டுவான்.
எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி அது பொரியும்.
"எவ்ளோ?" என்று எட்டிப் பார்ப்பேன்.
தொழில் புத்தி.

வீட்டுக்கு விடும்போது ஒரு தாள் கொடுத்தார்கள்.
குழந்தையிடமிருந்து இரண்டு மீட்டர்.
தனிப் படுக்கை. தனிக் கழிப்பறை, இருந்தால்.
அந்த "இருந்தால்" எழுதியவர்
எங்கள் ஹவுசிங் போர்டுக்கு ஒருநாள்
சும்மாவாவது வந்து போகலாம்.
போகும்போதெல்லாம் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும்.
லாரி வராத வாரம் அது.
அந்தோணிராஜ் நாலு மாடி குடம் சுமந்தான்.
"எதுக்குப்பா இவ்ளோ தண்ணி?" என்றாள் கீழ்வீட்டு ஜரீனா.
சொன்னோம்.
அவள் மருமகளுக்கு மூன்றாம் மாதம்.
மொட்டைமாடிக்குத் துணி எடுத்துப் போகையில்
படியிலேயே இருமிக் காட்டுவாள் அந்தப் பெண்;
நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.
கோபமில்லை, தாளில் இருப்பதுதான்.
ஆனாலும் தாழ்ப்பாள் விழும் சத்தம்
வேறு யார் வீட்டிலோ போலக் கேட்டது.
காலையில் வாசலில் ஜரீனாவின் இரண்டு குடம்,
நிறைய, தட்டு போட்டு மூடி.

இதழினிக்கு நாலு வயசு.
மீட்டர் என்றால் அவளுக்குச் சுவரில் இருக்கும் பெட்டி.
அதனால் டைல்ஸில் சொன்னேன்: ஏழு.
ஹாலின் அந்தக் கோடி அவள், இந்தக் கோடி நான்.
எனக்குப் பின்னால் சுவர்,
அவளுக்குப் பின்னால் அடுப்பு.
ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் கேட்டாள்.
கருவியின் சத்தத்தை வாயால் செய்து காட்டினேன்.

எச்சில் சுரக்கப் புளிப்பு சாப்பிடச் சொல்லியிருந்தார்கள்.
அவள் எலுமிச்சம்பழம் உருட்டுவாள்.
நான் தொட்டது திரும்பிப் போகக் கூடாது.
"இப்ப நீ உருட்டும்மா."
அம்மாவுக்கு இந்த ஆட்டம் தெரியாது என்றேன்.
சாயங்காலம் என் பாய்க்குப் பக்கத்தில் பதினொரு பழம்.
கிலோ நூற்றி நாற்பது விற்கிறது.

விளக்கணைத்த பிறகு ஒருநாள்
ஒளிர்கிறதா என்று கையைப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை, கொசுதான்.
கடித்துவிட்டுப் போன கொசுவை நினைத்துக்
கொஞ்ச நேரம் கவலையாக இருந்தது.

பதினைந்தாம் நாள் மறுபடி கருவி.
இந்தத் தடவை விக்னராஜ்
எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.
பாப்பாவைத் தூக்கலாம் என்றான்.
பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.
பக்கத்து சீட்டுப் பெண் என் தோளில் சாய்ந்து
ஓட்டேரி வரை தூங்கினாள்.
நான் அசையவில்லை.

கதவைத் திறந்தால்
இதழினி ஏழாவது டைல்ஸில் நிற்கிறாள்.
"வாடி" என்றேன்.
வரவில்லை.
டிவி ரிமோட்டை என் பக்கம் நீட்டினாள்.
வாயாலேயே பொரிந்தாள்.
ஒரு டைல்ஸ் வந்தாள். பொரிந்தாள்.
இன்னொன்று.
மூன்று தாண்டி நின்று
என் பழைய அட்டை ஒன்றில்
எட்டைப் படுக்கப் போட்டு எழுதினாள்.

"எவ்ளோ?" என்றேன்.

"கூடிப்போச்சு" என்றாள் கறாராக,
இன்னும் நாலு டைல்ஸ் பாக்கி இருக்க.